நோட்டிஃபிகேஷனில் ஓடும் கடிகாரம்: அவசரத்தில் கைகொடுக்கும் ஸ்டாப்வாட்ச்

வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று வலிப்பு வந்தால், டாக்டர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று: “எவ்வளவு நேரமா இருக்கு?” பதற்றத்தில் ஒரு நிமிடம்கூட பத்து நிமிடமாகத் தெரியும். ஆனால் வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் அது உயிருக்கே ஆபத்து. அதனால் சரியான நேரம் தெரிய வேண்டும். அதற்கு உங்கள் ஃபோனே போதுங்க.

ஆண்ட்ராய்டு ஃபோனில்

1. ‘கிளாக்’ ஆப்பைத் திறந்து ‘ஸ்டாப்வாட்ச்’ தொட்டு, ஸ்டார்ட் செய்யுங்கள்.
2. ஆப்பை விட்டு வெளியே வந்து, திரையை மேலிருந்து கீழே இழுங்கள். ஓடும் நேரம் நோட்டிஃபிகேஷனில் தெரியும். 108-இல் பேசிக்கொண்டே பார்க்கலாம்.
3. தெரியவில்லையா? செட்டிங்ஸ் > ஆப்ஸ் > கிளாக் > நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அனுமதி கொடுங்கள். ஃபோனுக்கு ஃபோன் பெயர்கள் கொஞ்சம் மாறும்.
4. லாக் ஸ்கிரீனிலும் தெரிய, நோட்டிஃபிகேஷன் செட்டிங்ஸில் ‘லாக் ஸ்கிரீன்’ பகுதியை ஆன் செய்யுங்கள்.

ஐஃபோனில் ‘டைமர்’ லாக் ஸ்கிரீனில் ஓடும். டைமர் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். ஸ்டாப்வாட்ச் கூட்டிக்கொண்டே போகும். 5 நிமிட டைமர் வைத்தாலும் போதும்.

இது எப்படி ஓடுகிறது?

ஆப் ஒவ்வொரு நொடியும் புதுத் தகவல் அனுப்ப வேண்டியதில்லை. தொடங்கிய நேரத்தை மட்டும் சொன்னால் போதும். நொடிகளை ஃபோனே எண்ணிக் காட்டும். அதனால் இன்டர்நெட் தேவையில்லை, பேட்டரியும் பெரிதாகக் குறையாது.

கடிகாரம் ஓடும்போது நீங்கள் செய்ய வேண்டியது

* அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சுற்றியுள்ள கூர்மையான பொருட்களை அகற்றுங்கள்.
* கையில் இரும்புச் சாவி கொடுக்காதீர்கள். அதனால் வலிப்பு நிற்காது. வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீரும் வேண்டாம்.
* 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே 108. முதல் முறை வந்த வலிப்பு, கர்ப்பிணிக்கு வந்த வலிப்பு, அடுத்தடுத்து வரும் வலிப்பு என்றால் 5 நிமிடம்கூட காத்திருக்க வேண்டாம்.

வலிப்பு நின்றதும் ஸ்டாப்வாட்ச்சை நிறுத்தி, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். திண்டிவனம் அரசு மருத்துவமனையோ, முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எங்கே போனாலும் டாக்டரிடம் அதைக் காட்டலாம்.

பக்கவாதத்துக்கும் நேரம் முக்கியம். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

இன்றைக்கே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.