தீப்பெட்டியில் ஒரு பாசிமணி அலமாரி

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்தால், திருவிழாக் கடைப் பாசிமணிகளும் வீட்டுக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டிவைத்தால் தேவையான மணி தேவையான நேரத்தில் கையில் சிக்காது.

சாத்தூர், சிவகாசிப் பக்கம் தீப்பெட்டிக்கா பஞ்சம்? 12 காலிப் பெட்டிகளை வரிசைக்கு மூன்றாக அடுக்கி, பசை தடவி ஒட்டுங்கள். பக்கவாட்டு உரசுபட்டையில் சிவப்புப் பாஸ்பரஸ் உண்டு என்பதால், வெளியே தெரியும் பட்டைகளைக் கெட்டிக் காகிதத்தால் மூடிவிடுவது அவசியம். ஒவ்வொரு உள்பெட்டியின் முகப்பிலும் ஊசியால் துளையிட்டு, உள்ளிருக்கும் மணியில் ஒன்றை நூலால் கட்டுங்கள். அதுவே கைப்பிடி, அதுவே அடையாளம்.

கடுகளவு மணிகளை நிறவாரியாக நூலில் கோத்து முடிச்சிட்டு வைப்பதே நல்லது. முத்துக்கும் பவளத்துக்கும் வியர்வையும் சென்ட்டும் ஆகாது; ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் பருத்தித் துணியில் தனியே சுற்றுங்கள். கண்ணாடி மணி நீண்ட ஆயுள் கொண்டது. சாத்தூர் வழியாக ஓடும் வைப்பாற்றின் கரையில், வெம்பக்கோட்டையில் 2022-ல் தொடங்கிய அகழாய்வில் பழங்காலக் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன.

கோக்கும்போது தட்டில் துண்டு விரித்துக்கொண்டால் மணி உருளாது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இந்த அலமாரி எட்டாத உயரத்திலேயே இருக்கட்டும். மணி தொண்டையில் சிக்கினால் ஆபத்து.