பாடம்: கதைத் தொடருக்குக் குறியீட்டு அட்டைப்படம் அமைத்தல்



"பின்வரும் மாயக்கதைத் தொடருக்குப் பொருத்தமான நூலட்டை ஒன்றை வடிவமைக்குக" என்று வினா வந்தால் உங்களிற் பலர் உடனே தூரிகையை எடுத்து விடுகிறீர்கள். வினாவை இன்னொரு தடவை வாசியுங்கள். கேட்கப்பட்டிருப்பது ஒரு நூலுக்கு அன்று, ஒரு தொடருக்கு. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. விளக்கப்படமும் குறியீடும்

கதையில் நடந்ததை அப்படியே வரைந்தால் அது விளக்கப்படம். கதை உணர்த்தும் கருத்தை ஒரு பொருளாலோ வடிவத்தாலோ நிறத்தாலோ காட்டினால் அது குறியீடு. வில்லேந்திய வீரன் போரிடுவது விளக்கப்படம். நாண் அறுந்து தரையில் கிடக்கும் வில் குறியீடு. பார்ப்பவர் "வீரனுக்கு என்ன நடந்தது?" என்று தாமே கேட்பார். அந்தக் கேள்விதான் நூலைத் திறக்க வைக்கிறது.

2. இரண்டு உதாரணங்கள்

(அ) 1947 இல் தொடங்கிய அம்புலிமாமா இதழின் வேதாளக் கதைகளை உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். கதைகள் மறந்திருக்கலாம். ஆனால் ஒரு கையில் வாளும் தோளில் பிணமுமாக விக்கிரமன் நடக்கும் படம் மறந்திராது. அதனை வரைந்தவர் சங்கர் எனப்படும் கே.சி. சிவசங்கரன் (1924 - 2020). கதை மாதந்தோறும் மாறியது. சுமையும் நடையும் மாறவில்லை.

(ஆ) ஜெயமோகன் மகாபாரதத்தை மீளச் சொல்லும் 'வெண்முரசு' நாவல் வரிசையை 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை இணையத்தில் நாள்தோறும் எழுதினார். மொத்தம் 26 நாவல்கள். நாகங்களும் தேவர்களும் உலாவுவதால் இது மாயக்கதைக்கு மிக அண்மையானது. இதற்கு ஓவியர் ஷண்முகவேல் கணினியில் படங்கள் வரைந்தார். நாவல்களின் பெயர்களைக் கவனியுங்கள்: முதற்கனல், நீலம், காண்டீபம், வெய்யோன். நெருப்பு, நிறம், வில், சூரியன் என ஒவ்வொரு பெயரும் ஒரு குறியீடு. அம்பையின் சினம் கனலாகிறது. கர்ணன் வெய்யோனாகிறான். ஆகவே தலைப்பை ஊன்றி வாசிப்பது ஓவியனின் முதல் வேலை.

விதி: தொடருக்கு மாறாதது ஒன்று வேண்டும், மாறுவது ஒன்று வேண்டும். மாறாதது "இது அதே தொடர்" என்று சொல்லும். மாறுவது "கதை நகர்ந்துவிட்டது" என்று சொல்லும்.

3. செய்து பார்ப்போம்

புத்தூருக்கு அண்மையில் நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றை அறிவீர்கள். அதில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதந்தது என்று ஊரிலே சொல்வார்கள். இதை வைத்து நாமே மூன்று நூல்கள் கொண்ட ஒரு மாயக்கதையை அமைப்போம்.

நூல் 1: ஒரு சிறுமி கிணற்றில் தேசிக்காயைப் போடுகிறாள்.
நூல் 2: அதைத் தேடி நிலத்தடிப் பாதையில் இறங்குகிறாள்.
நூல் 3: ஊரார் அளவுக்கு மிஞ்சி இறைத்ததால் கிணற்றைக் காக்கும் நாகம் நன்னீரை உப்பாக்கிவிடுகிறது.

மாறாதது: தேசிக்காய்.
மாறுவது: அதன் இடமும் நீரின் நிறமும்.

முதல் அட்டையில் பச்சைத் தேசிக்காய் இளநீல நீரின் மேலே மிதக்கும். இரண்டாவதில் கருநீலத்தின் நடுவே நிற்கும். மூன்றாவதில் அடியிலே, உப்புப் படிந்து வெளிறிக் கிடக்கும். நாகத்தை வரையத் தேவையில்லை.

இக்குறியீடு வெறும் கற்பனை அன்று. எமது குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் உள்ளே உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீரையே குடிக்கிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உப்பு மேலே வரும். கிணறு உவராகிப்போன வீட்டுப் பிள்ளைக்கு அந்த வெளிறிய தேசிக்காய் என்ன சொல்லும் என்று எண்ணிப் பாருங்கள்.

4. கணினியில் செய்யும் ஒழுங்கு

1. நெருப்புப்பெட்டி அளவில் பத்துச் சிறு வரைவுகளைப் பென்சிலால் கீறுக. அந்த அளவில் விளங்காத படம் பெரிதாக்கினாலும் விளங்காது.
2. தெரிவு செய்ததைப் படம்பிடித்து கிறிற்றா, ஜிம்ப் போன்ற இலவச மென்பொருள் ஒன்றில் திறக்குக.
3. பின்னணி, நீர், தேசிக்காய், தலைப்பு ஆகியவற்றைத் தனித்தனி லேயரில் வரைக. மூன்று அட்டைகளுக்கும் ஒரே கோப்பை மாற்றிப் பயன்படுத்தலாம்.
4. அச்சிடும் அளவிலே அங்குலத்துக்கு 300 பிக்சல் வைக்குக.
5. திரையில் ஒளிரும் நீலம் அச்சுமையில் மங்கும். ஒரு பிரதி எடுத்துப் பார்த்து நிறத்தைத் திருத்துக.

கணினி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். முதலாவது படி பென்சிலுக்கு உரியது, பரீட்சை மண்டபத்திலும் அதுதான் உங்கள் கையில் இருக்கும். இன்று நான்கு சொல் எழுதினால் படம் தரும் மென்பொருளும் உண்டு. ஆனால் நாகமா தேசிக்காயா என்று தீர்மானிக்க வேண்டியவர் நீங்களே.

5. தவிர்க்க வேண்டியவை

* பழகிய குறியீடு: நான் பல்கலைக்கழகத்தில் படித்தபோது நண்பன் ஒருவனின் கடலடி இராச்சியக் கதைக்கு அட்டை செய்தேன். யாழ்ப்பாணத்துக் கதைதானே என்று பெரிய பனை ஒன்றைப் போட்டேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "தம்பி, இது பனங்கட்டி காய்ச்சுற புத்தகமோ?" என்றார். பனையிலே பிழையில்லை. அந்தக் கதைக்குள்ளே பனை இல்லை.
* இருபொருட் குறியீடு: நாகம் நயினாதீவிலே வணங்கப்படுவது. வேறு கதைகளில் அது தீமை. கதை எதைச் சொல்கிறது என்று பாருங்கள்.
* சோதியாமை: மூன்றாம் அட்டையைப் பார்த்து "ஊறுகாயா?" என்று ஒருவர் கேட்கக்கூடும். கோபிக்க வேண்டாம். தேசிக்காயின் கீழே வெடித்த சுண்ணக்கல்லை வரையுங்கள். கதை தெரியாத ஒருவரிடம் காட்டுவதே சிறந்த சோதனை.

பயிற்சி

உங்கள் ஊரில் வழங்கும் கதை ஒன்றை மூன்று நூல்களாகப் பிரித்து, மாறாதது எது, மாறுவது எது என்று இரண்டு வரியில் எழுதுக. அதன் பின்னரே வரைக. அந்த இரண்டு வரியும் சரியாக அமைந்தால் அட்டையின் பாதி வேலை முடிந்துவிட்டது.