குதிரை வண்டியில் போன மனு

கேள்வி: அரசு ஊழியைகளின் உரிமைக்காக எதிரெதிர்க் கட்சிகள் சேர்ந்து நிற்பது நடக்கிற காரியமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பிரிட்டனில் நடந்திருக்கிறது. அங்கே அரசு வேலையில், ஒரே பணிக்குப் பெண்களுக்குச் சம்பளம் குறைவாக இருந்தது. ஊழியர் சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் கைகோத்தன. 1954 மார்ச்சில் தொழிற்கட்சியின் பார்பரா காசில், எடித் சம்மர்ஸ்கில், கன்சர்வேடிவ் ஐரீன் வார்ட், அல்ஸ்டர் யூனியனிஸ்ட் பட்ரீஷியா ஃபோர்டு நால்வரும் குதிரை வண்டியேறி, சம ஊதிய மனுவை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். (கொஞ்சம் நாடகம்தான். பத்திரிகைகளுக்குப் படம் வேண்டாமா?) மறு ஆண்டே அரசு இணங்கியது. ஆனால் தவணை முறையில்! முழுச் சம்பளம் கைக்கு வர 1961 ஆயிற்று. அதுவும் அலுவலக ஊழியைகளுக்குத்தான். அரசுத் தொழிற்கூடங்களில் உழைத்த பெண்களை அந்த ஏற்பாட்டில் சேர்க்கவே இல்லை.