பக்க எல்லையில் உடையாத உருப்படி

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு தேற்றத்தின் கீழ் அடுக்கப்படும் நிபந்தனைகளில் ஒன்று, பாதி ஒரு பக்கத்தின் அடியிலும் மீதி அடுத்த பக்கத்தின் தலையிலுமாகப் பிளந்து நிற்குமானால், படிப்பவர் அதை ஒரே பார்வையில் பிடிக்க முடியாமல் தாளை முன்னும் பின்னும் புரட்ட நேரிடும். கணித எழுத்தில் பட்டியலின் ஓர் உருப்படி என்பது பெரும்பாலும் ஒரு முழு எண்ணம். நிரூபணத்தில் "மூன்றாவது நிபந்தனையின்படி" என்று எழுதப்படும்போது அந்த மூன்றாவது நிபந்தனை கண்ணுக்குள் ஒன்றாக நிற்க வேண்டும். ஆகவே ஆய்வேட்டை லாடெக்கில் கோத்துக்கொண்டிருக்கும் தம்பி, உருப்படிகள் பக்கம் தாண்டி உடைவதை அழகு சார்ந்த சில்லறைக் குறை என்று தள்ளிவிடாமல், படிப்பவரிடம் காட்ட வேண்டிய மரியாதையாகவே கருதுவது நல்லது.

தென்சென்னையில் இந்த மரியாதைக்கு வேலை அதிகம். அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தம் குடும்ப இல்லமான ஏகாம்ர நிவாஸில் நடத்திவந்த இயற்பியல் கருத்தரங்கே வளர்ந்து, 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனமாகத் தொடங்கி, இன்று தரமணியில் இயங்குகிறது, சி. எஸ். சேஷாத்ரி 1989இல் தொடங்கிய கணிதப் பள்ளி தியாகராய நகரில் நெடுங்காலம் இருந்து, சென்னை கணிதவியல் கழகமாக 2005இல் சிறுசேரிக்குப் போயிற்று. அடையாறு பகுதியை ஒட்டிய ஐஐடி 1959இலிருந்து இருக்கிறது. இத்தகைய இடங்களில் எழுதப்படும் கணிதக் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் பெரும்பாலும், டொனால்டு குனுத் 1970களின் பிற்பகுதியில் உருவாக்கத் தொடங்கிய டெக் என்னும் எழுத்துக்கோப்பு நிரலின்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டிய லாடெக்கிலேயே வெளிவருகின்றன.

பரிகாரத்தைத் தேடுமுன், டெக் ஒரு பக்கத்தை எங்கே முறிக்கிறது, ஏன் அங்கே முறிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். டெக் வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்து, முறிக்கத் தகுந்த ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விலையைக் கணக்கிட்டு, மிகக் குறைந்த விலையுள்ள இடத்தில் பக்கத்தை முடிக்கிறது. அந்த விலையில் ஒரு பகுதி பெனால்ட்டி எனப்படும் அபராத எண்: அது 10000 ஆனால் அவ்விடத்தில் முறிக்கவே கூடாது, கழித்தல் 10000 ஆனால் முறித்தே தீர வேண்டும், இடைப்பட்ட எண்கள் விருப்பு வெறுப்பின் அளவைக் காட்டும். லாடெக்கின் வழக்கமான ஆவண வகைகளில் இரண்டு உருப்படிகளுக்கு நடுவே உள்ள அபராதம் கழித்தல் 51. அதாவது, உருப்படிகளுக்கு இடையில் முறிப்பதையே லாடெக் இயல்பாக விரும்புகிறது. ஆயினும் உருப்படிக்கு உள்ளே, வரிக்கும் வரிக்கும் நடுவே, அபராதம் பூஜ்யம். பத்தியின் முதல் வரியைத் தனியாக விட்டுவிட்டு முறித்தால் 150, கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போனால் 150 என்று முக்கியமாக இரண்டு காவல்களே உண்டு.

இந்த எண்களை ஓர் உருப்படியின்மேல் வைத்துப் பார்த்தால் நோய் எங்கே என்பது தெரியும். இரண்டே வரிகள் உள்ள உருப்படியில் இருக்கும் ஒரே இடைவெளியில் அந்த இரண்டு காவல்களும் சேர்ந்து 300 ஆகிவிடுவதால் அது பெரும்பாலும் தப்பிவிடும். மூன்று வரிகளில் இரண்டு இடைவெளிகளிலும் 150 வீதம் நிற்கும். நான்கு வரிகள் என்றாலோ, இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் நடுவே காவலே இல்லை. ஆய்வேடுகளில் நான்கைந்து வரி நிபந்தனைகள் நட்ட நடுவில் பிளப்பதற்குக் காரணம் இதுதான்.

மருந்து எளியது. என்யூமரேட் அல்லது ஐட்டமைஸ் பட்டியலைத் திறந்தவுடன், முதல் உருப்படிக்கு முன்பாக, இன்டர்லைன்பெனால்ட்டி என்னும் வரியிடை அபராதத்தை 10000 என்று வைத்துவிட்டால், அந்தப் பட்டியலுக்குள் எந்தப் பத்தியின் வரிகளுக்கு நடுவிலும் பக்கம் முறியாது. உருப்படிகளுக்கு இடையே மட்டும் முறியும். பட்டியல் முடிந்ததும் பழைய மதிப்பு தானாகவே திரும்பிவிடும். ஆய்வேடு முழுவதற்கும் இது வேண்டுமென்றால், ஹாவியர் பேசோஸ் எழுதிய என்யூமைட்டம் தொகுப்பில் 'பிஃபோர்' என்னும் விருப்பத்துக்கு இதே கட்டளையை ஒருமுறை கொடுத்துவிடலாம். ஒரு நுட்பத்தை மட்டும் மறக்கலாகாது: டெக் இந்த மதிப்பைப் பத்தி முடியும் தருணத்தில்தான் பார்க்கிறது. ஆகையால் உருப்படியின் வாசகத்தை மட்டும் நெளிவு அடைப்புக்குள் இட்டு, அடைப்புக்குள்ளேயே அபராதத்தை வைத்து, பத்தி முடிவதற்குள் அடைப்பை மூடிவிட்டால், கட்டளை இருந்தும் பலன் இராது. பல மாணவர்கள் "இது வேலை செய்யவில்லை" என்று கைவிடுவது இவ்விடத்தில்தான்.

அடுத்த சிக்கல், ஒரே உருப்படிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பத்திகளோ தனிவரிச் சமன்பாடோ உட்பட்டியலோ வருவது. வரியிடை அபராதம் ஒரு பத்தியின் உள்ளே மட்டுமே ஆளும். இரண்டு பத்திகளுக்கு நடுவே அதற்கு அதிகாரம் இல்லாததால், அங்கே நோபேஜ்பிரேக் கட்டளையைத் தனியே இட வேண்டும். தனிவரிச் சமன்பாட்டுக்கு முன்னால் முறியாதபடி லாடெக் தானே 10000 வைத்திருக்கிறது, பின்னால் வைத்திருப்பதோ பூஜ்யம். எனவே போஸ்ட்டிஸ்ப்ளேபெனால்ட்டி என்பதையும் 10000 ஆக்க வேண்டும்.

உட்பட்டியல் எல்லாவற்றிலும் கடினமானது, கவனத்துக்கு மிகவும் உரியதும் அதுவே. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாத்தாளை எடுத்துக்கொண்டால், வினா வெளிப்பட்டியலின் உருப்படி, அ, ஆ, இ, ஈ என்ற விடைகள் உட்பட்டியலின் உருப்படிகள். வரிகளுக்கு இடையே 10000 வைத்தும், உட்பட்டியலின் தொடக்கத்திலும் அதன் ஒவ்வொரு விடைக்கு முன்னாலும் அந்தக் கழித்தல் 51 இருந்துகொண்டே இருப்பதால், லாடெக் மகிழ்ச்சியோடு முதல் இரண்டு விடைகளை ஒரு பக்கத்திலும் மற்ற இரண்டைத் தாளின் மறுபுறத்திலும் வைத்துவிடும். கடிகாரத்தைப் பார்த்தபடி எழுதும் பிள்ளை, கண்ணில் பட்ட இரண்டே விடைகளுக்குள் ஒன்றைக் குறித்துவிட்டுப் போகும் அபாயம் இதில் இருக்கிறது. பிறர் எழுதப்போகும் தேர்வுக்குத் தாள் கோப்பவர் இதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. என்யூமைட்டத்தில் இரண்டாம் நிலைப் பட்டியலுக்கு மட்டும் பிகின்பெனால்ட்டி, மிட்பெனால்ட்டி என்ற இரண்டையும் 10000 ஆக்கினால், வினாவும் அதன் நான்கு விடைகளும் ஒரே கட்டாக நிற்கும். வினாக்களுக்கு நடுவே முறியும் உரிமை மட்டும் மிஞ்சும்.

இவ்வளவு யோசிப்பதற்குப் பதிலாக உருப்படியை மினிபேஜ் என்னும் பெட்டிக்குள் இட்டுவிடலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. பெட்டி உடையாது என்பது உண்மை. ஆனால் அதற்குள் பத்தியின் உள்தள்ளலும் பத்தியிடை வெளியும் பூஜ்யமாகிவிடும், அடிக்குறிப்பு பக்கத்தின் அடிக்குப் போகாமல் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும், உருப்படி ஒரு பக்கத்தைவிட நீளமானால் எஞ்சிய வரிகள் தாளின் கீழ் ஓரத்தைத் தாண்டி மறைந்துவிடும். சேம்பேஜ் என்னும் பழைய சூழலோ உருப்படிகளுக்கு இடையிலான முறிவையும் தடுத்துப் பட்டியல் முழுவதையும் ஒன்றாக இறுக்கப் பார்க்கும், அப்படியும் பத்திகளுக்கு நடுவே கைவிட்டுவிடும். இரண்டையும் தவிர்ப்பதே முறை.

உடையாமைக்கு ஒரு விலை உண்டு. ஆறு வரி உருப்படிக்குப் பக்கத்தின் அடியில் ஐந்து வரி இடம்தான் இருக்கிறது என்றால், அந்த ஐந்து வரி இடமும் வெறுமையாகும். புக் வகை ஆவணம் இருபுற அச்சுக்கென அமைந்தது. பக்கங்களின் அடி சமமாக நிற்க வேண்டும் என்னும் ஃப்ளஷ்பாட்டம் விதி அதில் இயல்பாகவே இருப்பதால், லாடெக் அந்த வெறுமையைப் பத்திகளுக்கும் தலைப்புகளுக்கும் நடுவே இழுத்துப் பரப்பிப் பக்கத்தையே தளர்ந்துபோகச் செய்யும். ராக்டுபாட்டம் என்ற கட்டளையை முகப்பில் இட்டால் வெற்றிடம் அடியிலேயே தங்கும், கண்ணை உறுத்தாது. தமிழில் நூல் கோப்பவருக்கு இந்த விலை கொஞ்சம் கூடுதல். தமிழ்ச் சொற்கள் நீளமானவையாதலால் ஆங்கிலத்தில் நான்கு வரியில் முடியும் உருப்படி தமிழில் ஆறு வரிக்குப் போவது சாதாரணம். தியாகராய நகரில் நூலை அச்சுக்குக் கொடுப்பவர் 16 பக்கத்தை ஒரு பாரமாக எண்ணுவார் என்பதால், இத்தகைய வெற்றிடங்கள் சேர்ந்து பக்க எண்ணிக்கை 160இலிருந்து 162 ஆனால், பத்துப் பாரத்துக்குள் அடங்கிய நூல் பதினோராவதைத் தொட்டுவிடும்.

ஆகையால் எல்லா உருப்படிக்கும் ஒரே காவலை வைப்பது விவேகமன்று. வரையறை, நிபந்தனை, தேர்வு வினா, படிமுறைச் செய்முறையின் ஒரு படி ஆகியவை உடையாமல் நிற்க வேண்டும். அரைப்பக்கம் நீளும் விளக்க உருப்படிகள் உடைந்தால் பாதகமில்லை, அவற்றுக்கு இரண்டு காவல் எண்களையும் 10000 ஆக்கி, தனிவரி மட்டும் பிரியாமல் பார்த்துக்கொண்டால் போதும். பட்டியலை அறிமுகப்படுத்தும் வாக்கியம் பக்க அடியில் நின்று, பட்டியல் அடுத்த பக்கத்தில் தொடங்குவதும் ஒரு குறையே. பீட்டர் வில்சன் எழுதிய நீட்ஸ்பேஸ் தொகுப்பில், அந்த வாக்கியத்துக்கு முன் இத்தனை வரி இடம் வேண்டும் என்று கேட்டுவைத்தால், இடம் இல்லாதபோது வாக்கியமும் சேர்ந்தே அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

கையால் பேஜ்பிரேக் இடுவதை, நெறியாளரின் திருத்தங்கள் எல்லாம் முடிந்து, பக்க அளவும் எழுத்துருவும் இனி மாறாது என்று உறுதியான பிறகே தம்பி தொட வேண்டும். முன்னால் இட்டவை ஒரு பத்தி கூடினாலே தவறான இடத்தில் நின்று அரைப்பக்க வெறுமையை உண்டாக்கும். கடைசி நிலையில் ஓர் உருப்படிக்கு ஒரே ஒரு வரி இடம் போதாமல் இருந்தால், என்லார்ஜ்திஸ்பேஜ் கட்டளையால் அந்தப் பக்கத்தை ஒரு வரி நீட்டலாம். இருபுற அச்சில் அதற்கு எதிரே விரியும் பக்கத்தையும் அதே ஒரு வரி நீட்ட வேண்டும்.

அன்புடனும் ஆசியுடனும்.