பழைய லினக்சில் திஸ்கி, பாமினி கோப்புகள்: மாற்றியை ஓடும்போதே ஏற்றும் முறை

விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 2011 முதல் வந்த கணினிகள் தொண்டி, திருவாடானை வீடுகளிலும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோசோடு பாஸ் லினக்சும் இருந்தது. சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம் அது. அப்படியொரு கணினியை வைத்துக்கொண்டு பழைய தமிழ்க் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டியவருக்காக இதை எழுதுகிறேன். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்கள் திஸ்கியில் இருக்கும். அச்சகத்துக் கோப்பு பாமினியில் இருக்கும், அலுவலகக் கோப்பு வானவில்லில் இருக்கும். இத்தனை குறிமுறைகளையும் ஒரே நிரலுக்குள் அடைப்பது தவறான வழி என்பது என் வாதம். ஒவ்வொரு குறிமுறைக்கும் ஒரு பகிர்வு நூலகத்தைத் தனிக் கோப்பாக வைத்து, தேவைப்படும்போது மட்டும் நினைவகத்தில் ஏற்ற வேண்டும். சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ் யூனிக்ஸ் 1980-களின் இறுதியிலேயே இதற்கு வழி செய்துவிட்டது. பழைய கணினி என்பது இதற்குத் தடையே அல்ல.

முதலில், கையில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். திஸ்கிக்கான மாற்றி லினக்சின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியிலேயே இருக்கிறது. புருனோ ஹைப்லே அதை 2002-இல் எழுதிச் சேர்த்தார். ஐகான்வ் கட்டளையிடம் அதற்குத் தெரிந்த குறிமுறைகளின் பட்டியலைக் கேட்டால் அதில் திஸ்கியின் பெயர் வரும். வந்துவிட்டால் உள்ளிடும் குறிமுறை திஸ்கி, வெளியிடும் குறிமுறை யுடிஎஃப்-8 என்று சொல்லி ஓட்டினாலே போதும். அந்த ஒரு நொடியில் நடப்பதுதான் நம் பாடம். ஐகான்வ் நிரலுக்குள் திஸ்கி பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அது ஜிகான்வ் என்ற அடைவில் உள்ள அட்டவணைக் கோப்பைப் பார்க்கிறது, அதில் திஸ்கிக்கு நேராக எழுதியிருக்கும் பகிர்வு நூலகத்தை, அதாவது எஸ்ஓ பின்னொட்டுள்ள கோப்பை, தேடி ஏற்றுகிறது, அதன் செயற்கூறுகளை அழைக்கிறது. பட்டியலில் பெயர் இருந்தும் வேலை நடக்கவில்லை என்றால், அட்டவணையில் வரி இருக்கிறது, எஸ்ஓ கோப்பு இல்லை என்று சந்தேகப்படுங்கள். புதிய கணினியிலிருந்து அந்தக் கோப்பை மட்டும் நகலெடுத்து வைப்பது உதவாது, ஏனெனில் அது தனக்குரிய ஜிலிப்சி பதிப்பையே எதிர்பார்க்கும். பாஸ் லினக்சின் அதே பதிப்பிலிருந்து எடுங்கள். இன்னொரு எச்சரிக்கை: மாற்ற முடியாத எழுத்தை விட்டுவிட்டு மேலே போகச் சொல்லும் விருப்பத்தைக் கொடுக்காதீர்கள். எழுத்துகள் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

எழுத்துக்கு எழுத்து ஓர் அட்டவணை போதுமே, அதற்கு எதற்கு நிரல் நூலகம் என்று கேட்கலாம். ஆங்கிலம் போன்ற மொழிக்கு அது போதும், தமிழுக்குப் போதாது. திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துகளைச் சேமிக்கிறது. ‘கொ’ என்பது அதில் ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டு. ஒருங்குறியில் ககரம் முதலில் வரும், ஒகர உயிர்க்குறி பின்னால் வரும். ஆகவே மாற்றி கொம்பைக் கண்டதும் நிறுத்தி வைத்து, அடுத்த மெய்யைப் பார்த்து, அதற்கும் அடுத்து கால் வருகிறதா என்று பார்த்த பிறகே எழுத முடியும். கால் வராவிட்டால் அது ‘கெ’. இந்த நிதானம் தரவில் அடங்காது, நிரலாகத்தான் எழுத முடியும். பாமினிக்கும் இதே சிக்கல் உண்டு. ஜிலிப்சியில் பாமினி மாற்றி இல்லை என்பதால் அதை நாமே எழுத வேண்டும்.

மாற்றியை சி மொழியில் தனிக் கோப்பாக எழுதுங்கள். வெளியே தெரிய வேண்டியவை இரண்டே செயற்கூறுகள்: ஒன்று மாற்றும், மற்றொன்று தன் பதிப்பு எண்ணைச் சொல்லும். மற்ற அனைத்தையும் ‘ஸ்டாடிக்’ என்று குறித்து மறைத்துவிடுங்கள். இல்லையேல் பாமினி மாற்றியில் உள்ள ஒரு பெயரும் வானவில் மாற்றியில் உள்ள அதே பெயரும் மோதக்கூடும். சி++ மொழியில் எழுதினால் அந்த இரண்டையும் சி முறையில் வெளியிடச் சொல்ல வேண்டும், ஏனெனில் சி++ கம்பைலர் பெயர்களைத் திரித்துவிடும். ஜிசிசியில் எஃப்பிஐசி, ஷேர்டு ஆகிய இரண்டு விருப்பங்களோடு தொகுங்கள். முதலாவது, நினைவகத்தில் எந்த முகவரியில் வைத்தாலும் ஓடும்படி நிரலை ஆக்குகிறது.

ஏற்றும் நிரலில் நான்கு அழைப்புகள்தான்: டிஎல்ஓப்பன், டிஎல்சிம், டிஎல்எரர், டிஎல்குளோஸ். இவற்றுக்காக டிஎல் நூலகத்தை இணைக்க வேண்டும், அதன் பெயரைக் கட்டளை வரியின் கடைசியில் எழுத வேண்டும். (2021-இல் வந்த ஜிலிப்சி 2.34 முதல் இது தேவையில்லை, பழைய கணினியில் கட்டாயம் தேவை.) டிஎல்ஓப்பனுக்கு வெறும் கோப்புப் பெயரைத் தராமல் முழுப் பாதையையும் தாருங்கள். சோம்பலான இணைப்பு, உடனடி இணைப்பு என்ற இரண்டு முறைகளில் உடனடியைத் தேர்ந்தெடுங்கள். சோம்பல் முறையில், மாற்றிக்குள் ஒரு செயற்கூறு விடுபட்டிருந்தால் அது அழைக்கப்படும் கணத்தில்தான், அதாவது புத்தகத்தின் பாதியில், நிரல் செத்து விழும். உடனடி முறையில் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். டிஎல்சிம்முக்கு முன் ஒருமுறை டிஎல்எரரை அழைத்துப் பழைய பிழையைத் துடையுங்கள், பின் மீண்டும் அழைத்துப் பாருங்கள். திரும்பி வந்த மதிப்பு சுழியமா என்பதை மட்டும் நம்பக்கூடாது. பதிப்பு எண் பொருந்தாவிட்டால் அந்த மாற்றியைப் பயன்படுத்தாமல் மறுத்துவிடுங்கள். டிஎல்குளோஸை நிரல் முடியும்போது மட்டும் அழையுங்கள். மாற்றி தந்த ஒரு சுட்டியாவது கையில் இருக்கும்போது மூடினால் விளைவு விபரீதம்.

எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஸ்டாடிக் முறையில் இணைத்துவிட்டால் எந்தக் கணினியிலும் ஓடுமே என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. சிறு கருவிகளுக்கு அது உண்மை. ஆனால் ஜிலிப்சியின் ஐகான்வ் வசதியை அழைக்கும் நிரலை ஸ்டாடிக்காக இணைத்தாலும், அது ஓடும்போது ஜிகான்வ் அடைவைத் தேடத்தான் செய்யும், அதுவும் தான் தொகுக்கப்பட்ட அதே பதிப்பை. பாதுகாப்பு பற்றிய மறுப்பு இதைவிட வலுவானது. 2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட ‘பிவ்ன்கிட்’ ஓட்டை இந்த ஜிகான்வ் வழியாகவே சுரண்டப்பட்டது. பிகேஎக்செக் என்ற கருவி ரூட் உரிமையோடு ஓடும்போது, ஜிகான்வ் பாதையைச் சொல்லும் சூழல் மாறி மூலம் தாக்குபவரின் எஸ்ஓ கோப்பை ஏற்ற வைக்க முடிந்தது. அந்தக் குறை 2009 முதலே அதில் இருந்தது. ஆகவே இந்த அச்சம் நியாயமானது. ஆனாலும் ஏற்றும் முறையையே கைவிட இது காரணமாகாது. மாற்றிகள் இருக்கும் அடைவில் ரூட் மட்டுமே எழுத முடியும்படி செய்யுங்கள், பாதையைச் சூழல் மாறியிலிருந்து எடுக்காதீர்கள், மாற்றும் வேலையைச் சாதாரணப் பயனராகவே ஓட்டுங்கள்.

இந்த முறை லினக்சுக்கு வெளியேயும் தேவைப்படலாம். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில் இருக்கிறது. கடலியல் போன்ற துறைகளில் பழைய யூனிக்ஸ் பணிநிலையங்களுக்காக எழுதிய நிரல்களைக் கையாள நேரலாம். அந்த யூனிக்ஸ்களில் இந்த அழைப்புகளின் பெயர்கள் மாறும். எச்பி-யுஎக்சில் பழைய அழைப்பு எஸ்எச்எல்-லோடு, கோப்பின் பின்னொட்டு எஸ்எல். ஏஐஎக்சில் தொடக்கத்தில் ‘லோடு’ என்ற அழைப்புதான் இருந்தது, டிஎல்ஓப்பன் பின்னர் வந்தது. வெளியிடும் பெயர்களையும் தனிக் கோப்பில் எழுதித் தர வேண்டும். ஏ.அவுட் வடிவத்தில் ஓடிய பழைய பிஎஸ்டிகளில் செயற்கூற்றுப் பெயருக்கு முன் அடிக்கோடு சேர்த்து டிஎல்சிம்மிடம் கேட்க வேண்டும். பெர்ல் 5 இந்த வேறுபாடுகளைத் தனித்தனிச் சிறு கோப்புகளில் ஒதுக்கி, மேலே ஒரே முகப்பை வைத்தது. நீங்களும் நான்கு அழைப்புகளைச் சுற்றி உங்கள் சொந்தப் பெயரில் ஒரு மெல்லிய உறை எழுதுங்கள். மாற்றிகளைத் தொடாமலே கணினி மாற்றலாம்.

முடிவில் சோதனை. திஸ்கிக் கோப்பு ஒன்றை யுடிஎஃப்-8 ஆக்கி, திரும்பவும் திஸ்கியாக்கி, மூலத்தோடு பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். வேறுபட்ட இடங்களை மட்டும் கண்ணால் பாருங்கள். கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ வரும் வரிகளை முதலில் பாருங்கள். அவை சரியாக வந்த பிறகு மற்ற கோப்புகளை மொத்தமாக ஓட்டலாம். மூலக் கோப்புகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.