திரையில் வளரும் காடு

குழந்தைகளுக்கான அசைவூட்டத் தொடர்கள் உருவாகும் இந்திய நகரங்களுள் ஐதராபாத் குறிப்பிடத்தக்கது. 2008ஆம் ஆண்டில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘சோட்டா பீம்’ தொடரை உருவாக்கிய கிரீன் கோல்டு நிறுவனம் இந்நகரைச் சேர்ந்தது. அயல்நாடுகளிலும் ஒளிபரப்பான மற்றொரு தொடரும் இந்நகரில் இயங்கிய நிறுவனத்தின் ஆக்கமே. டி.கியூ. என்டர்டெயின்மென்ட் என்னும் அந்நிறுவனம், ஐரோப்பிய நிறுவனங்களுடன் இணைந்து, ‘தி ஜங்கிள் புக்’ தொடரை 2010ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கியது. ஓநாய்களால் வளர்க்கப்பட்ட மௌக்லி என்னும் சிறுவனின் கதை அது. அதன் முதற்பருவம் 52 பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொரு பகுதியும் 11 நிமிடம் ஓடும்.

இத்தொடருக்கு மூலமான நூலை எழுதியவர் ருட்யார்ட் கிப்ளிங். அவர் 1865ஆம் ஆண்டில் மும்பையில் பிறந்தவர். 1894ஆம் ஆண்டில் அந்நூல் வெளிவந்தபோது அவர் அமெரிக்காவில் வாழ்ந்துவந்தார். ஆயினும் கதை நிகழும் இடம் மத்திய இந்தியாவின் சியோனிக் காடு. இன்று மத்தியப் பிரதேசத்தில் பெஞ்ச் புலிகள் காப்பகம் அமைந்துள்ள பகுதி அது. கதைமாந்தரின் பெயர்களிலேயே அந்த மண்ணின் மணம் வீசுகிறது. இந்தி பயிலும் மாணவர்க்கு அது எளிதில் விளங்கும். ‘பாலு’ என்றால் கரடி. ‘ஹாத்தி’ என்றால் யானை. ‘அகேலா’ என்றால் தனியன். கருஞ்சிறுத்தையின் பெயராகிய ‘பகீரா’ என்பதும் இந்தியச் சொல்லிலிருந்து பிறந்ததே.

1967ஆம் ஆண்டில் டிஸ்னி நிறுவனம் இக்கதையை அசைவூட்டத் திரைப்படமாக்கியது. ஆடலும் பாடலும் நிறைந்த அப்படம் உலகப் புகழ் பெற்றது. அதில் குரங்குகளின் அரசனாக ஓர் ஒராங்குட்டான் வருகிறது. கிப்ளிங்கின் நூலில் அத்தகைய பாத்திரம் இல்லை. ஒராங்குட்டான் போர்னியோ, சுமத்ரா ஆகிய தீவுகளில் மட்டுமே இயற்கையாக வாழும் குரங்கினம். இந்தியக் காடு எதிலும் அதனைக் காண இயலாது. படம் சுவையானதே, ஆனால், அதனை மட்டும் கண்டு வளரும் குழந்தை, தன் நாட்டுக் காட்டில் இல்லாத ஒன்றை உண்டென நம்பிவிடும்.

இத்தகைய பிழை அசைவூட்டப் படத்தில் எளிதில் நேரக்கூடியது. காட்டிற்குள் ஒளிப்படக் கருவியை நிறுத்தினால், அங்குள்ள மரமும் பறவையும் தாமே படத்தில் பதியும். அசைவூட்டப் படத்திலோ எதுவும் தானாக வந்து சேர்வதில்லை. ஒரு நொடிக்கு 24 படங்கள் என்று கொண்டால், 11 நிமிடப் பகுதிக்கு 15,840 படங்கள் வேண்டும். அவற்றில் தோன்றும் ஒவ்வோர் இலையையும் யாரேனும் ஒருவர் எண்ணி அமைத்திருக்க வேண்டும். எனவே, வரைபவர் அறியாத மரம் அப்படத்தில் முளைக்காது. இந்தியக் கரடி தன் குட்டிகளை முதுகில் சுமந்து செல்லும். கரையான் புற்றை உடைத்து உண்ணும். இலுப்பைப் பூவை விரும்பித் தின்னும். இவற்றை அறிந்தவர் வரையும் கரடிதான் இந்த மண்ணின் கரடியாக நடக்கும்.

அவ்வாறாயின், நாட்டு இயற்கையைப் பிழையின்றித் திரைக்குக் கொண்டுவர வழி யாது? தமிழ் இலக்கண மரபு அதற்கு ஒரு வரைபடத்தையே தருகிறது. தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் உள்ள விலங்கு, பறவை, மரம், உணவு, பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தர் உள்ளத்தின் உணர்வும் ஒழுக்கமும் உரிப்பொருள். அசைவூட்டக் கலைஞருக்கு முதற்பொருளே பின்னணி ஓவியம், கருப்பொருளே பாத்திரங்களும் ஒலிகளும், உரிப்பொருளே கதை. ஒரு நிலத்தின் கருப்பொருளை மற்றொரு நிலத்தில் எண்ணாமல் வைத்தால் பாட்டும் சிதையும், படமும் சிதையும்.

இம்முறையில் ஐதராபாத் நகருக்கே ஒரு தொடரைத் திட்டமிடலாம். முதற்பொருள், தக்காணப் பீடபூமியின் கருங்கற் பாறைகள். அவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழைமையானவை. கருப்பொருளைத் தேடத் தெலங்கானாவின் மாநிலச் சின்னங்களே போதும். மாநில மலராகிய ‘தங்கேடு’ தமிழில் ஆவாரம்பூ. மாநில மரமாகிய ‘ஜம்மி’ தமிழில் வன்னி. மாநிலப் பறவையாகிய ‘பாலபிட்டா’ தமிழில் பனங்காடை. மாநில விலங்கு புள்ளிமான்.

இவை தமிழருக்குப் புதியவை அல்ல. தெலங்கானாவில் பதுகம்மா விழாவிற்குத் தங்கேடு மலரை அடுக்குவர். கொங்கு நாட்டில் பொங்கலையொட்டி வேப்பிலை, பூளைப்பூவுடன் ஆவாரம்பூவையும் சேர்த்து வீட்டிற்குக் காப்புக் கட்டுவர். கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டு கூறும் 99 மலர்களுள் ‘ஆவிரை’ என்னும் பெயரில் அது இடம்பெற்றுள்ளது. தசராவில் இங்கு வழிபடப்படும் வன்னியே விருத்தாசலம் கோயிலின் தலமரம். ஊர் மாறியபோதும் மரமும் மலரும் உடன் இருக்கின்றன. அவற்றின் தமிழ்ப் பெயர்களே மறந்துபோகும் நிலையில் உள்ளன.

இத்தொடரின் தலைமைப் பாத்திரமாகப் பனங்காடையைக் கொள்ளலாம். மின்கம்பியில் அமர்ந்திருக்கும்போது அது பெரிதும் பழுப்பாகத் தோன்றும். சிறகை விரித்தாலோ நீலம் ஒளிரும். அதன் குரல் கரகரப்பானது. அதற்குக் குயிலின் குரலைக் கொடுப்பது பிழை. பூச்சிகளை உண்பதால் அது உழவரின் நண்பன். தசரா நாளில் அதனைக் காண்பது நற்பேறு என்பது தெலங்கானா மக்களின் நம்பிக்கை. வயல்வெளிக்குச் சென்று காண்பதே பழைய வழக்கம். ஆனால், அதனைப் பிடித்துச் சிறகை வெட்டிக் கூண்டிலடைத்துப் பொருள் ஈட்டுவோரும் உளர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமாகும்.

உரிப்பொருள் இங்கே பிறக்கிறது. கூண்டைத் திறப்பவர் யார்? வெட்டுண்ட சிறகு வளரும்வரை பறவையைக் காப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடும் சிறுவரின் கதை, பார்ப்போரைத் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து சன்னலை நோக்கித் திருப்பும். அங்கே கம்பியில் அமர்ந்திருக்கும் பறவையைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த குழந்தை, அதனைக் கூண்டில் காண ஒருப்படாது.

சொற்பொருள்

அசைவூட்டம் – அனிமேஷன்
தலமரம் – கோயிலுக்கு உரிய மரம்
பறை – தோற்கருவி, முரசு
ஒருப்படாது – உடன்படாது

பயிற்சி

1. பிரித்து எழுதுக: பனங்காடை, கருஞ்சிறுத்தை, முதற்பொருள்.
2. 1967ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் இந்தியக் காட்டிற்குப் பொருந்தாத விலங்கு எது? காரணம் தருக.
3. ‘வரைபவர் அறியாத மரம் அப்படத்தில் முளைக்காது’ – விளக்குக.
4. வீட்டருகே உள்ள ஒரு மரத்தின் தெலுங்குப் பெயரை அண்டை வீட்டாரிடமும், தமிழ்ப் பெயரை வீட்டுப் பெரியோரிடமும் கேட்டு எழுதுக.
5. அம்மரத்தில் நிகழும் ஒரு கதைக்கு முதல், கரு, உரி ஆகிய மூன்றையும் அட்டவணைப்படுத்துக.