பழைய லேப்டாப்பும் பழி சுமக்கும் பிராசசரும்

லேப்டாப் மெதுவாகிவிட்டது என்றால் நம் ஊரில் வழக்கமாகச் சில வைத்தியங்கள் நடக்கும். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து நாலு தடவை ரெஃப்ரெஷ். டெம்ப் ஃபோல்டரில் கிடப்பதையெல்லாம் அள்ளிக் கொட்டுவது. ‘கிளீனர்’ என்று பெயர் வைத்துக்கொண்ட ஏதாவதொரு சாஃப்ட்வேர். எதுவும் பலிக்காவிட்டால், “ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்.” ரெஃப்ரெஷ் செய்வதால் திரையில் உள்ள ஐகான்கள் மறுபடி ஒருமுறை வரையப்படும், அவ்வளவுதான். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் சாஃப்ட்வேர்களை விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை. ஃபார்மட் அடித்தால் கொஞ்ச நாள் சுறுசுறுப்பாக இருக்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. அதற்குப் பின் வருவது தீர்ப்பு: “பிராசசர் பழசு, இனி இழுக்காது, புதுசு வாங்கிடுங்க.” இந்தத் தீர்ப்பில்தான் எனக்கு உடன்பாடில்லை. இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கோடு ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்களில் பெரும்பாலானவை திணறுவது அந்த டிஸ்க்கால். அதற்கு அடுத்தபடி ராம் போதாமையால். பிராசசர் பெரும்பாலும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது.

இதை நம்பச் சொல்லவில்லை. அவரவர் மெஷினிலேயே பார்த்துக்கொள்ளலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெஷினை ஆன் செய்து, அது திணறும் அந்த முதல் ஐந்து நிமிடத்திலேயே அதைத் திறந்து ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்துக்குப் போங்கள். ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷினில் அநேகமாக இப்படி இருக்கும்: சிபியு, அதாவது பிராசசர், 15 அல்லது 20 சதவீதத்தில் தூங்கிக்கொண்டிருக்கும், டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த 100 சதவீதத்துக்குக் கீழே, எவ்வளவு படிக்கிறது என்ற கணக்கும் இருக்கும். அங்கே நொடிக்கு ஒன்றிரண்டு எம்பி என்றுதான் காட்டும். நொடிக்கு 100 எம்பி படிக்கக்கூடிய டிஸ்க், இரண்டு எம்பி படிப்பதற்கே முழு மூச்சையும் விடுகிறது. கோளாறு எங்கே என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பது சின்னக் கணக்கு. லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுழல்பவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். வேண்டிய தகவல், அதைப் படிக்கும் ஹெட்டுக்கு அடியில் வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஹெட் சரியான தடத்துக்கு நகர்வதற்கு மேற்கொண்டு பத்துப் பன்னிரண்டு மில்லி செகண்ட். ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் துண்டுகளை எடுப்பதென்றால் நொடிக்கு நூறு துண்டைக்கூட அதனால் தொட முடியாது. விண்டோஸ் கிளம்பும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை. கூடவே ஆன்ட்டி வைரஸ் ஒரு பக்கம், அப்டேட் ஒரு பக்கம் கேட்கும். சமையலுக்குப் பத்துப் பேர் நின்றாலும், ஸ்டோர் ரூமிலிருந்து மளிகை எடுத்துத் தர ஒரே ஆள் என்றால் பந்தி தாமதமாகத்தான் செய்யும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சிப்களில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. நொடிக்குப் பல்லாயிரம் துண்டுகளை எடுத்துத் தரும். பெரிய ஃபைலை ஒரே மூச்சில் படிக்கும் வேகத்தில் சாட்டா என்ற வழக்கமான வகை எஸ்எஸ்டி ஹார்ட் டிஸ்க்கைப் போல ஐந்து மடங்குதான். ஆனால் சிதறிய துண்டுகளில் வித்தியாசம் நூற்றுக்கணக்கான மடங்கு. நம் விரல் உணர்வது இந்த இரண்டாவது வேகத்தை.

இங்கிருந்தே கடையில் உதவும் ஒரு விஷயமும் கிடைக்கிறது. எஸ்எஸ்டி பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது முதல் வகை வேகம்: சாட்டாவில் 550 எம்பி, என்விஎம்இ என்ற புதிய வகையில் 3500 எம்பி, அதற்கும் மேல். அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பிரவுசர், வேர்ட், டாலி, வீடியோ பார்ப்பது போன்ற வேலைகளுக்கு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாதாரண சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான் பெரிய தாவல். அங்கிருந்து என்விஎம்இக்குப் போனால் அநேகம் பேருக்கு வித்தியாசமே தெரியாது. உங்கள் மெஷினில் எது பொருந்தும் என்பதுதான் முக்கியம். பழைய லேப்டாப் என்றால் ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி உட்காரும். எம்.2 ஸ்லாட் இருந்தால், அது சாட்டா வகையை ஏற்குமா, என்விஎம்இ வகையை ஏற்குமா என்று மாடல் எண்ணை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சென்னை ரிச்சி தெரு கடைகளுக்குக் கிளம்ப வேண்டும். இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இன்னொன்று: 2 டிபி என்று சொல்லிக் கொள்ளை மலிவாக விற்கும் பெயர் தெரியாத டிரைவ்களைத் தொடாதீர்கள். உள்ளே சின்ன சிப்பை வைத்துவிட்டு, விண்டோஸில் மட்டும் பெரிய எண் காட்டும்படி செய்த போலிகள் தாராளமாகப் புழங்குகின்றன. ஃபைல் ஏறுவது போலத் தெரியும். திறக்கும்போதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்று புரியும்.

அடுத்தது ராம். 4 ஜிபியோடு வந்த மெஷினில் விண்டோஸும் பிரவுசரும் சேர்ந்தே அதைக் குடித்துவிடும். போதாததை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி வைத்துச் சமாளிக்கும். அந்த டிஸ்க் சுழலும் வகையாக இருந்தால் மேலே சொன்ன கொடுமை இரட்டிப்பாகிறது. ‘பிராசசர் இழுக்கவில்லை’ என்று சொல்லப்படுவதில் பாதி இதுதான். ராமை ஏற்ற முடியுமா என்று தெரிந்துகொள்ள மெஷினைக் கழற்றத் தேவையில்லை. அதே டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று இருக்கும். ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற இடத்தில் எஸ்ஓ-டிம் என்று இருந்தால் கழற்றி மாற்றலாம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் அது போர்டிலேயே சால்டர் செய்தது, அதில் கை வைக்க முடியாது. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். 2025 கடைசியில் மெமரி விலை தாறுமாறாக ஏறியது. அதனால் முதலில் எஸ்எஸ்டி, பயன்படுத்திப் பார்த்துத் தேவைப்பட்டால் ராம் என்ற வரிசை சரி.

இதைச் சொன்னால் உடனே வரும் மறுப்பு, “எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடுமாமே?” என்பது. தேயும், உண்மைதான். ஆனால் எவ்வளவு எழுதினால்? சாம்சங் 870 ஈவோ 500 ஜிபி டிரைவுக்கு அந்த நிறுவனம் தரும் உத்தரவாதம் 300 டிபி எழுதும் வரை, அல்லது 5 ஆண்டு. தினமும் 20 ஜிபி எழுதினால்கூட 300 டிபியைத் தொட 41 ஆண்டு ஆகும். நிஜமான கவலை வேறு இடத்தில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சத்தம் போட்டோ, மெதுவாகியோ முன்கூட்டி எச்சரிக்கும். எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அழித்த ஃபைலை மீட்பதும் அதில் ஏறக்குறைய நடக்காத காரியம். ஆகவே பேக்கப் அவசியம். அதற்குத்தான் கழற்றிய ஹார்ட் டிஸ்க் இருக்கிறதே: ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கிப் போட்டால் அது பேக்கப் டிரைவ் ஆகிவிடும். டிஸ்க்கை மாற்றினால் விண்டோஸ் லைசென்ஸ் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். லேப்டாப்போடு வந்த லைசென்ஸ் மதர்போர்டைச் சார்ந்தது. ஒரு வேலையை மட்டும் மறக்கக் கூடாது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, ஆகியிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். பல மெஷின்களில் அது உரிமையாளருக்கே தெரியாமல் ஆன் ஆகியிருக்கும்.

இதைவிடக் கனமான மறுப்பு விண்டோஸ் 11. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. தனிநபர்களுக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் முதலில் அறிவித்த கெடு 2026 அக்டோபர் 13. விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிறகோ வேண்டும். ஏழாம் தலைமுறை மெஷினுக்கு எஸ்எஸ்டி போட்டு என்ன பயன் என்று கேட்பது நியாயமான கேள்வி. மெஷின் முடியாமல் போனதால் வந்த நிலைமை அல்ல இது, ஒரு நிறுவனம் போட்ட கோடு. எனக்கு இதில் கோபம் உண்டு. கோபம் வேறு, நடைமுறை வேறு. பேங்க் வேலையும் ஆபீஸ் வேலையும் செய்யும் மெஷினை அப்டேட் இல்லாமல் இணையத்தில் ஓட்டச் சொல்ல மாட்டேன். அந்த மெஷினில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போடலாம். பிரவுசரும் லிப்ரே ஆபீஸும் போதுமென்பவருக்கு அது தாராளம். டாலியோ, ஜிஎஸ்டி கையெழுத்துக்கு டிஜிட்டல் டோக்கனோ வேண்டும் என்பவருக்கு அது தலைவலிதான். அவர் புதிது வாங்க வேண்டியதுதான். எட்டாம் தலைமுறையிலும் அதற்குப் பிந்திய மெஷின்களிலும் இந்தச் சிக்கலே இல்லை. ஆனால் அவற்றிலும் ஹார்ட் டிஸ்க்கோடு விற்றவை ஏராளம்.

பிராசசரே குற்றவாளியாக இருக்கும் இடங்களும் உண்டு. வீடியோ எடிட்டிங், பெரிய டிசைன் ஃபைல்கள், யூடியூப்பின் புதிய வீடியோ வடிவங்களை ஹார்டுவேரில் பிரிக்கத் தெரியாத பழைய சிப்கள். இவற்றில் டாஸ்க் மேனேஜர் சிபியுவை 100 சதவீதத்தில் காட்டும். அப்போது எஸ்எஸ்டி போட்டும் பிரயோஜனமில்லை. அப்போதுகூட ஃபேனில் தூசி அடைத்துச் சூடேறி, பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றுவது சில நூறு ரூபாய் வேலை.

புதிது வாங்கினாலும் ஐ3, ஐ5, ஐ7 ஸ்டிக்கரை மட்டும் பார்க்காதீர்கள். 2013இல் மெல்லிய லேப்டாப்களில் வந்த ஐ7 4500யு-வில் இருந்தவை இரண்டே கோர். 2017இன் ஐ5 8250யு-வில் நான்கு. ஸ்டிக்கரில் அது தெரியாது. மலிவு விலை மாடல்களை 64 ஜிபி இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்புச் சிப்போடும் சால்டர் செய்த 4 ஜிபி ராமோடும் இன்னும் விற்கிறார்கள். பெட்டி பிரிக்காத புதுசு, ஆனால் வாங்கிய அன்றே திணறும். பிறகு மாற்றவும் வழியில்லை. அதே மாதிரி சால்டர் செய்த 4 ஜிபியோடு உள்ள பழைய மெஷினுக்கும், பேட்டரி உப்பிக் கீழ்த்தட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கும் மெஷினுக்கும், இரண்டு ஹின்ஜும் உடைந்து திரை தொங்கும் மெஷினுக்கும் எஸ்எஸ்டி வாங்காதீர்கள். உப்பிய பேட்டரி உள்ளதை இன்றைக்கே ஆஃப் செய்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு சர்வீஸுக்குக் கொடுங்கள்.